இன்சுலின் நேரத்தை மாற்றினால் மத்தியானச் சர்க்கரை இறங்குமா?

கேள்வி: எனக்கு வயது 52. கம்பத்தில் இருக்கிறேன். தோட்ட ஜீப் ஓட்டுகிறேன். விடிகாலை ஐந்தரைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்குவேன். மத்தியானம்வரை மூட்டை ஏற்றி இறக்கும் வேலை, அப்புறம் சும்மா இருப்பேன், சாயந்திரம் ஆட்களைத் திரும்பக் கூட்டி வருவேன். சர்க்கரை நோய் வந்து 11 வருடம். எடை 68 கிலோ. இரவு 9 மணிக்கு கிளார்ஜின் இன்சுலின் 28 யூனிட் போடுகிறேன். பாட்டிலில் இருந்து சிரிஞ்சில் எடுத்துப் போடுவதுதான். காலை கிளம்பும்போது கிளிமெபிரைடு 2 மில்லிகிராம், இரண்டு வேளை மெட்ஃபார்மின். காலை 5 மணிக்குப் பார்த்தால் 95 முதல் 110. சாயந்திரம் 4 மணிக்கு 230, 250, ஒருநாள் 270. இரவு 8 மணிக்குச் சாப்பாட்டுக்கு முன் 150 பக்கம். படுக்கும்போது 180. மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) 8.2 சதவீதம். மகள் நர்சிங் படிக்கிறாள். ‘அந்த இன்சுலின் சிலருக்கு 24 மணி நேரம் நிற்காது, காலைக்கு மாற்றிப் போடுங்கள்’ என்கிறாள். மருந்துக்கடைக்காரரோ 4 யூனிட் கூட்டிப் போடச் சொல்கிறார். எது சரி? மற்றபடி தொந்தரவு இல்லை. பத்து, பத்தரை வாக்கில் லேசாகக் கை நடுங்கும், வேர்க்கும். இரண்டு ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) சாப்பிட்டால் சரியாகிவிடும். சாப்பாடு சிவப்பரிசிச் சோறுதான்.

பதில்:

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நேரத்தையும் மாற்ற வேண்டாம், அளவையும் கூட்ட வேண்டாம். நீங்கள் ‘மற்றபடி தொந்தரவு இல்லை’ என்று ஒதுக்கிவிட்ட அந்தப் பத்தரை மணி நடுக்கம்தான் உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் உறுத்தியது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் மகள் சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

கிளார்ஜின் 100 (மில்லிக்கு 100 யூனிட் உள்ளது) என்பது தோலுக்கு அடியில் போய் உறைந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் கலக்கும் இன்சுலின். பெரியாற்றுத் தண்ணீர் லோயர்கேம்ப் வழியாக உங்கள் பள்ளத்தாக்குக்கு அளவாக வருகிற மாதிரி, ராத்திரி பகல் பார்க்காமல் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரம் நிற்கும். சிலருக்கு 20 மணி நேரத்துக்கு அப்புறம் வேகம் குறைந்துவிடும், குறிப்பாகக் குறைந்த அளவு போடுகிறவர்களுக்கு. அப்படி வேகம் குறைகிறவர்களுக்கு ஊசி போடும் நேரத்தை நகர்த்துவது நல்ல வழி என்பதும் உண்மை.

ஆனால் உங்கள் எண்கள் அந்தக் கதையைச் சொல்லவில்லை. நீங்கள் இரவு 9 மணிக்குப் போடுகிறீர்கள். சாயந்திரம் 4 மணி என்பது 19வது மணி நேரம். இன்சுலின் தேய்ந்துபோய்த்தான் சர்க்கரை ஏறுகிறது என்றால், 4 மணிக்கு ஏறத் தொடங்கியது 6 மணிக்கு இன்னும் ஏற வேண்டும், அடுத்த ஊசிக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தில்தான் உச்சத்தில் நிற்க வேண்டும். உங்களுக்கு நடப்பது தலைகீழ். 4 மணிக்கு 250 இருந்தது, 8 மணிக்கு, அதாவது ஊசி போட்டு 23வது மணி நேரத்தில், 150க்குத் தானாக இறங்கியிருக்கிறது. இறக்கிவிட்டது யார்? முந்தின நாள் போட்ட அதே இன்சுலினும், நீங்கள் சாப்பிடும் மாத்திரையும்தான். ஆகவே அது இன்னும் வேலையில்தான் இருக்கிறது. மகளிடம் இதைக் காட்டுங்கள். படிக்கிற பிள்ளை, உடனே பிடித்துக்கொள்வார்.

கடைக்காரர் சொன்ன 4 யூனிட் இதைவிட ஆபத்தானது. படுக்கும்போது 180, விடிகாலை 100. தூங்குகிற நேரத்தில், ஒன்றும் சாப்பிடாமல், 80 புள்ளி இறங்குகிறது. நீண்ட நேர இன்சுலின் சரியான அளவில் இருந்தால் ராத்திரியில் சர்க்கரை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். 50க்கு மேல் இறங்கினால், அந்த இன்சுலின் தன் வேலையையும் தாண்டிப் பகல் சாப்பாட்டுக்கான வேலையையும் சேர்த்துச் செய்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். 28 யூனிட் என்பது உங்கள் எடைக்குக் கிலோவுக்கு 0.4 யூனிட். 0.5ஐ நெருங்கும்போது மேற்கொண்டு கூட்டுவதில் பெரிய பயன் இருக்காது, தாழ்நிலைதான் வரும், அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். இன்னும் 4 யூனிட் போட்டால் மத்தியானச் சர்க்கரை பெரிதாக அசையாது. ராத்திரி இரண்டு மணிக்கு 60க்குக்கூட இறங்கலாம், அது தெரியாமலே தூங்கிக்கொண்டிருக்கலாம். மருந்துக்கடைக்காரர்களில் விவரமானவர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து இன்சுலின் கூட்டச் சொல்வது யார் சொன்னாலும் கேட்கக் கூடாதது.

இப்போது பத்தரை மணிக்கு வருவோம்.

நீங்கள் காலை 5 மணிக்குக் கிளம்பும்போதே கிளிமெபிரைடு சாப்பிடுகிறீர்கள். அப்போது வயிற்றில் என்ன இருக்கும்? ஒரு கட்டஞ்சாயா (பால் விடாத டீ) இருந்தால் பெரிய விஷயம். இந்த மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்கச் சொல்லும். சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று பார்க்காது. அதனால்தான் அதை அன்றைக்கு முதல் பெரிய சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும் என்று சொல்வது. உங்கள் முதல் பெரிய சாப்பாடு மலைமேல் போய் எட்டு, எட்டரைக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் மூட்டை தூக்குகிறீர்கள். உடல் உழைப்பு தசைக்குள் சர்க்கரையை இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலே இழுத்துக்கொள்ளும். மாத்திரை, நேற்று ராத்திரி இன்சுலின், மூட்டை, மூன்றும் சேர்ந்து உங்களைக் கீழே இழுக்கிற நேரம்தான் பத்தரை. கை நடுக்கமும் வேர்வையும் 70க்குக் கீழே போகிறீர்கள் என்பதற்கான அறிகுறிகளாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அடுத்த முறை நடுங்கும்போது முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். கருவி கையில் இல்லாவிட்டால் பார்க்கிறேன் என்று தாமதிக்காதீர்கள், சர்க்கரையைச் சாப்பிடுங்கள்.

எதைச் சாப்பிடுவது, எவ்வளவு? தாழ்நிலைக்கு 15 கிராம் போதும். குளுக்கோஸ் பொடி என்றால் மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கி. கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி பார்ப்பது. 70ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு மூன்று டீஸ்பூன். தாண்டிவிட்டால், அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறது என்றால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ. நீங்கள் சாப்பிடுவது இரண்டு ஏத்தம்பழம். நல்ல பெரிய பழமாக இருந்தால் ஒன்றிலேயே 40 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும். தேவையைப் போல ஐந்து மடங்கு உள்ளே போகிறது. அதுவும் மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும், அதனால் நடுக்கம் நிற்க நேரமாகும், அந்தப் பயத்தில் இன்னும் ஏதாவது வாயில் போடத் தோன்றும். அது முழுதாக ஏறி முடிப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு வந்துவிடும். தாழ்நிலை வந்த உடம்பு வேறு, சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களைச் சுரந்து வைத்திருக்கும்.

மத்தியானம் சிவப்பரிசி என்கிறீர்கள். மட்டை அரிசியில் நார் கொஞ்சம் கூடுதல், உமிக்கு அடியில் உள்ள சத்து கிடைக்கும், நல்ல அரிசிதான். ஆனால் சோறு சோறுதான். ஒரு கப் சோற்றில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. உழைத்த வயிறு ஒரு கப்போடு நிற்காது. மூன்று கப் சாதாரணமாகப் போகும். மலையில் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் கிடைக்கிற நாளில் கேட்கவே வேண்டாம். எடைக்கு எடை பார்த்தால் வேகவைத்த கப்பையில் சோற்றைவிட மாவுச்சத்து அதிகம். சாப்பிட்டபின் நீங்கள் ஜீப்பில் சாய்ந்துகொள்கிறீர்கள். காலையில் சர்க்கரையை உறிஞ்சிய அதே தசை இப்போது சும்மா இருக்கிறது. மூன்றரைக்குச் சீனி போட்ட சாயா, கூட ஒரு பழம்பொரி. நீங்கள் எழுதவில்லை, ஆனால் மலையில் சாயாக்கடையைத் தாண்டி வந்த ஜீப் டிரைவரை நான் பார்த்ததில்லை. அதற்கு அரை மணி கழித்து, 4 மணிக்கு, குத்திப் பார்த்தால் 250 வராமல் என்ன செய்யும்?

இதெல்லாம் என் ஊகம்தான், உங்கள் எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம். ஸ்ட்ரிப் விலை எனக்குத் தெரியும், ஒரே நாளில் ஏழு தடவை குத்தச் சொல்ல மாட்டேன். ஜோடி ஜோடியாகப் பாருங்கள். ஒருநாள் பத்து மணிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பும். இன்னொரு நாள் சாப்பாட்டுக்கு முன்பும், முதல் வாய் வைத்ததில் இருந்து இரண்டு மணி நேரம் கழித்தும். வேறொரு நாள் சாயாவுக்கு முன்பும், ஒன்றரை மணி நேரம் கழித்தும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக்குப் போகாத நாளாகப் பார்த்து, இதே நேரங்களில் வீட்டில். உழைப்பு இல்லாத நாளில் பத்தரை மணி எப்படி இருக்கிறது என்பது மிக முக்கியம். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே கருவியில் எண்ணை ஏற்றிக் காட்டிவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று இரண்டு சொல் எழுதுங்கள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். பத்து மணிக்கு 70 பக்கம் நின்றால் கிளிமெபிரைடைக் குறைப்பதோ நிறுத்துவதோதான் முதல் வேலையாக இருக்கும். அதை அவர் செய்ய வேண்டும். அதுவரை அந்த மாத்திரையைக் கட்டஞ்சாயாவோடு விழுங்காமல், மலைமேல் சாப்பிடும் பலகாரத்தோடு சாப்பிடலாமா என்று இன்றைக்கே போன் செய்து கேட்டுவிடுங்கள். சரி என்றுதான் சொல்வார்.

சாப்பாட்டுக்கு முன் 130, இரண்டு மணி நேரம் கழித்து 240 என்று வந்தால் அது சோற்றுக் கணக்கு. சோற்றில் ஒரு கப் அளவைக் குறைத்து அந்த இடத்தில் பயறோ, முட்டையோ, மீனோ, இரண்டு கரண்டி பொரியலோ. சாப்பிட்டதும் சாயாமல் கால் மணி நேரம் நடை. தோட்டத்துப் பாதையில் ஏறி இறங்கினால் அதுவே அதிகம். இது மட்டுமே 30, 40 புள்ளி குறைத்ததைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். போதவில்லை என்றால் மருந்து பல உண்டு. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன, தாழ்நிலையைத் தாமாகக் கொண்டுவருவது அரிது, சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் நல்லது. சிட்டாகிளிப்டின் வகை இன்னொன்று. சோறு அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு வோக்லிபோஸ் கொடுப்பதும் உண்டு. அதைக் கொடுத்தால் ஒன்றை மறக்கக் கூடாது: வோக்லிபோஸ் சாப்பிட்ட உடம்பில் வீட்டுச் சீனி சீக்கிரம் உடையாது. தாழ்நிலை வந்தால் சீனித் தண்ணீர் கைகொடுக்காது, குளுக்கோஸ் பொடியேதான் வேண்டும். கடைசி வழி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சிறிய அளவு வேகமான இன்சுலின். ஆட்களை ஏற்றிக்கொண்டு சாயந்திரம் மலை இறங்குகிறவருக்கு அதை நான் அவ்வளவு எளிதில் எழுதித்தர மாட்டேன்.

மலை என்றதும் சொல்லியாக வேண்டும். கம்பம்மெட்டு ஏற்றத்தில் எத்தனை வளைவு என்று உங்களுக்குத் தெரியும், பின்னால் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் தெரியும். இன்சுலினும் கிளிமெபிரைடும் எடுத்துக்கொள்கிறவர் சாவியைப் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். 70க்குக் கீழே போயிருந்தால், எண் ஏறிய பிறகும் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஓட்டுவது. மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும். ஓட்டும்போதே படபடப்பு வந்தால் ஓரம் கட்டி, சாவியைக் கழற்றிவிட்டுக் குளுக்கோஸ். பொடி டப்பா டேஷ்போர்டில் இருக்கட்டும், வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை. ஜீப்பில் வருகிறவர்களில் ஒருவருக்காவது உங்களுக்கு இப்படி வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொள்ள ஆண்கள் ஏனோ கூச்சப்படுகிறார்கள்.

இன்னொரு சந்தேகம், கேட்காமல் விட முடியவில்லை. பாட்டிலில் இருந்து எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிரிஞ்சின் மூடி என்ன நிறம்? நம் நாட்டில் சாதாரண இன்சுலின் பாட்டில்கள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. கிளார்ஜின் பாட்டில் மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. ஒருநாள் கம்பத்தில் ஆரஞ்சு தீர்ந்துபோய் குமுளியில் அவசரமாகச் சிவப்பு வாங்கி, அதில் 28 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 70 யூனிட். ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டிய அளவு அது. பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு புதுப் பெட்டியிலும் பாருங்கள். கூடவே, ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள். தடித்துக் கட்டியாக இருந்தால் அங்கே போட்ட இன்சுலின் ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது. திறந்த பாட்டிலுக்கு 28 நாள்தான் ஆயுள். திறந்த தேதியை அதிலேயே எழுதிவிடுங்கள்.

சரி, நேரத்தை மாற்றுவது யாருக்குத்தான் உதவும்? சாயந்திரம் 5, 6 மணிக்கு கிளார்ஜின் போடுகிறவர், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமலே சர்க்கரை ஏறிக்கொண்டே போய் ஊசி போட்டபின்தான் இறங்குகிறது என்றால், அவருக்கு. முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளிகளிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். காலைக்கு மாற்றினால் இன்சுலின் தேயும் நேரம் விடியற்காலைக்குப் போகும், வெறும் வயிற்று எண் கொஞ்சம் ஏறும். ராத்திரித் தாழ்நிலை வருகிறவர்களுக்கு அது நல்லதாகக்கூட முடியும். டெக்லுடெக், கிளார்ஜின் 300 போன்றவை இன்னும் நீளமாக நிற்பவை, அவற்றில் இந்தத் தேய்மானத் தொல்லை குறைவு. பாலாக வெண்மையாக இருக்கும் என்பிஹெச் இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அதற்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு, அவர்கள் இந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய வேண்டாம்.

உங்களுக்கே நேரத்தை மாற்ற ஒரு நியாயமான காரணம் வரலாம், அது சர்க்கரை ஏறுவதற்காக இல்லை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சீசனுக்குக் குமுளி வழியாக ராத்திரி ஓட்டம் போகிறவர் என்றால், 9 மணி ஊசி சில நாள் 12 மணி ஆகும், சில நாள் மறந்தே போகும். ஓரிரு மணி நேரத் தாமதம் பரவாயில்லை, நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் காலைதான் நினைவு வந்தது என்றால் டாக்டரைக் கேளுங்கள்; இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒன்றாக மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு மாதமும் ஓட்டம்தான் என்றால், நேரத்தை நிலையாகக் காலைக்குக் கொண்டுபோவதையோ, நேரத்தில் தளர்வு கொடுக்கும் டெக்லுடெக்குக்கு மாறுவதையோ கேட்டுப் பார்க்கலாம். டெக்லுடெக்கில் இரண்டு ஊசிக்கு நடுவில் குறைந்தது 8 மணி நேரம் இருந்தால் போதும். கிளார்ஜினையே காலைக்கு நகர்த்துவது என்றால், ராத்திரி முழு அளவு போட்டுவிட்டு மறுநாள் காலை மறுபடி முழு அளவு போடக் கூடாது. மாற்றும் நாளில் இரவு எத்தனை யூனிட், காலை எத்தனை யூனிட் என்று டாக்டர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் மூன்று நான்கு நாள் போகாமல் அளவைத் தொடாதீர்கள், அதற்கு முன் வரும் எண்களில் பழைய ஊசியும் புது ஊசியும் கலந்திருக்கும். அந்த நாட்களில் ராத்திரி ஓட்டத்துக்கு ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நல்லது.